அந்தப் பலகையைக் கழற்றுங்கள்

மலேசியாவின் நெகிரி செம்பிலானில், நம் ஊர்ச் சாலையோரத்தில் நிற்கும் பழைய கல்லுக்கு என்ன ஆனது என்று எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். மஞ்சள் பெயிண்ட், மாலை, "ராஜேந்திர சோழன் நட்ட வெற்றிக்கல்" என்று ஒரு பலகை. அந்த வீடியோ வராத வாட்சப் குழு இல்லை. "யார் சொன்னது, எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டதற்கு எனக்குக் கிடைத்த பட்டம் துரோகி.

திரும்பவும் கேட்கிறேன். யார் சொன்னது?

லிங்கிக்குப் பக்கத்தில் பெங்கலான் கெம்பாஸ் போயிருப்பீர்கள். வாள், கரண்டி, சுக்கான் என்று மக்கள் அழைக்கும் மூன்று செதுக்கிய கற்கள் அங்கே நிற்கின்றன. பக்கத்திலேயே ஷேக் அகமது மஜ்னூன் என்பவரின் கல்லறை, 1467ஆம் ஆண்டுக் கல்வெட்டு. ஓட்டை போட்ட ஒரு கல்லும் உண்டு. அதில் கையை விட்டுப் பொய் சொன்னால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் என்பார்கள். ஆண்டோடு கல்வெட்டு இருந்தும், அந்த மூன்று கற்கள் கல்லறைக்கு முந்தியவையா என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. எழுத்து இருக்கும் இடத்திலேயே இந்த நிலை. நம் கல்லில் ஓர் எழுத்துகூடக் கிடையாது. ரெம்பாவ், தம்பின், அலோர் காஜா பக்கமெல்லாம் இப்படிக் கற்கள் நிற்கின்றன. மலாய்க்காரர்கள் 'பத்து ஹிடுப்' என்பார்கள், உயிருள்ள கல், வளர்ந்துகொண்டே இருக்குமாம். அத்தனையும் சோழன் நட்டதா?

"1025இல் சோழன் கடாரத்துக்கு வரவில்லையா?" வந்தான். தஞ்சைக் கல்வெட்டிலேயே இருக்கிறது. ஆனால் கடாரம் என்பது வடக்கே இருக்கும் கெடா, நாம் இருப்பது நெகிரி செம்பிலான். அந்தக் காலத்தில் கடல் கடந்து வந்த தமிழர்கள் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தாய்லாந்தின் தக்குவாபாவில் மணிக்கிராமத்தார் பெயர், சுமத்ராவின் பாருஸில் 1088இல் ஐந்நூற்றுவர் பெயர்; இரண்டும் வணிகக் குழுக்கள், இரண்டு கல்வெட்டும் தமிழில். இவ்வளவு சான்று கையில் இருக்கும்போது பொய்ப் பலகை எதற்கு? இதைக் காட்டி நாளைக்கு உண்மையான கல்வெட்டையும் சந்தேகப்படுவார்கள்.

"2013இல் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் சண்டியை, அந்தப் பழங்காலக் கோயில் இடிபாட்டை, இடித்தார்களே, அப்போது எங்கே போனாய்?" அன்றைக்கும் கொதித்தேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

"பெயர் இல்லாவிட்டால் சாலையை அகலப்படுத்தும்போது தள்ளிவிடுவார்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கு 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் இருக்கிறது. மனுப் போடலாம், நானும் கையெழுத்துப் போடுகிறேன். பெயிண்ட் அடிப்பதா பாதுகாப்பு?

என் பாட்டி விடியாத இருட்டில், ரப்பர் தோட்டத்தில் பெரட்டு (ஆள்கணக்கு) முடிந்து, அந்தக் கல்லைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் பால்மரம் வெட்டப் போவார். என்ன சாமி என்று கேட்டால், "யாருக்குத் தெரியும், நமக்கு முந்தியே நிக்குது" என்பார். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

அந்தப் பாட்டியை எங்கே புதைத்தோம் என்று இன்று காட்ட முடியவில்லை. ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது தோட்டத்துச் சுடுகாட்டையும் சேர்த்துத் தள்ளிவிட்டார்கள். தாத்தா, ஆயாக்கொட்டகையில் என்னை வளர்த்த அம்மா, யாருக்கும் இன்று ஒரு கல் இல்லை. அன்றைக்கு ஒருவரும் மாலை கொண்டு வரவில்லை, ஒருவரும் வீடியோ எடுக்கவில்லை. இந்த ஊரைக் காடழித்து உண்டாக்கியவர்கள் அவர்கள். நமக்கு ராஜா வேண்டும், அவர்கள் வேண்டாம், அப்படித்தானே?

பலகையைக் கழற்றுங்கள். பெயிண்ட்டை மட்டும் யாரும் சுரண்ட வேண்டாம், கல்லின் மேற்பரப்பும் சேர்ந்து பெயர்ந்துவிடும், மியூசியத்து ஆட்கள் வந்து பார்க்கட்டும். அப்புறம், பழைய சுடுகாட்டுப் படம் யாரிடமாவது இருந்தால், மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, எனக்கு அனுப்புங்கள்.