தர்மசம்வர்த்தினி என்று பெயர் வைக்கத் தயங்காதீர்கள்

எங்கள் பக்கத்தில் இப்போது பெண் குழந்தைக்குப் பெயர் தேடினால் நட்சத்திர எழுத்து, நியூமராலஜி கூட்டுத்தொகை, நடுவில் கட்டாயம் ஒரு ‘ஷ்’. திருவையாற்றைச் சுற்றியுள்ள வீடுகளில்கூட தர்மசம்வர்த்தினி என்றால் “ரொம்ப நீளம், பழசு” என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம்.

ஐயாறப்பர் கோயில் அம்மனின் பெயர் அது. சம்வர்த்தினி என்றால் நன்கு வளர்ப்பவள். தமிழில் அறம்வளர்த்த நாயகி. ஈசன் அளந்து கொடுத்த இருநாழி நெல்லை வைத்து 32 அறங்களையும் செய்தாள் என்பது கதை (காஞ்சிபுரத்தில் காமாட்சிக்கும் இதைச் சொல்வார்கள்).

அந்த 32 என்னென்ன என்று ஒருமுறை படித்துப் பாருங்கள். சிறையில் கிடப்பவர்களுக்குச் சோறு, பிரசவத்துக்கு உதவி, பச்சைக் குழந்தைக்குப் பால், நாதியற்ற பிணத்தை எரிப்பது, கண்ணுக்கு மருந்து, தலைக்கு எண்ணெய். மாடு உடம்பை உரசிக்கொள்ளத் தறி நடுவதுகூட ஓர் அறம். ஆவுரிஞ்சு தறி என்று அதற்குப் பெயர். வாயில்லா ஜீவனுக்கு முதுகு அரிக்குமே என்றுகூட யோசித்திருக்கிறார்கள்!

தர்மம் என்றாலே தருமர், மனுநீதிச் சோழன் என்று ஆண்கள்தான் நமக்கு நினைவுக்கு வருகிறார்கள். இங்கே அளந்து கொடுத்த கொஞ்சம் நெல்லில் ஊருக்கே செய்தவள் ஒரு பெண். கடைமடைக்குத் தண்ணீர் எட்டாத வருஷங்களில் வீட்டை நடத்திய அம்மாக்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு, இந்தப் பெயரின் அருமையை யாராவது விளக்க வேண்டுமா?

தர்மாம்பாள் என்பதும் இந்த அம்மனின் பெயர்தான். தஞ்சாவூர்க்காரரான டாக்டர் தருமாம்பாள் சித்த மருத்துவர், 1938 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறை சென்றவர். தமிழக அரசின் விதவை மறுமண உதவித் திட்டம் அவர் பெயரில்தான் இருக்கிறது.

நீளம் ஒரு பிரச்சினையே இல்லை. வீட்டில் தர்மா, தர்மு என்று கூப்பிடலாம். சமஸ்கிருதம் வேண்டாம் என்றால் சரி, அறம்வளர்த்தாள் என்றே வையுங்கள், எனக்கு இரட்டிப்பு சந்தோஷம். ஆனால் கதையையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள், ஒருமுறை திருவையாற்றுக்கு அழைத்துப்போய் அம்மன் சந்நிதியையும் காட்டுங்கள்.

அப்புறம், பெயரை அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். பிறப்பைப் பதிந்துவிட்டால் போதும், 12 மாதங்களுக்குள் பெயரைக் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குள் தாத்தா பாட்டியிடமும் கேட்டுவிடுங்கள்.