பூனைக்காகச் சண்டை போட்ட பொம்பளை எழுதுவது

மார்த்தாண்டத்தில் பிள்ளைகளுக்குக் கோடிங், அதாவது கம்ப்யூட்டர் புரோகிராம் எழுத, சொல்லிக்கொடுக்கிற கேம்பின் பெற்றோர் குழுவில், மவுஸைப் பிள்ளையின் கையிலேயே விடுங்கள் என்று நான் போட்ட மெசேஜ் இப்போது குலசேகரம் வரை போய்விட்டதாம். முழுசாகப் போயிருந்தால் சந்தோஷம்தான். மேலே இருந்ததையும் கீழே இருந்ததையும் வெட்டிவிட்டு, "பூனை தலைகீழாகவே நடக்கட்டும்" என்ற ஒரு வரிக்கு மட்டும் வட்டம் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். ஃபீஸும் கட்டிவிட்டு பூனைக்காகச் சண்டை போடுகிற பொம்பளை என்று பெயர் வாங்கியாயிற்று. சரி, நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

முதல் நாள் ஸ்கிராட்ச். தெரியாதவர்களுக்கு: பிள்ளைகள் கோடிங் பழகுகிற சாஃப்ட்வேர், அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேப் 2007-இல் வெளியிட்டது, 8 முதல் 16 வயதுப் பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்தது, இலவசம். கட்டளைகள் கலர் கலர் கட்டைகளாக இருக்கும், ஒன்றின் கீழ் ஒன்றாகக் கோர்க்க வேண்டும். திறந்ததும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பூனை நிற்கும். என் மகள் நாலாம் வகுப்பு முடித்திருக்கிறாள். பச்சைக் கொடியை அமுக்கினால் பத்து அடி நட, ஓரத்தில் முட்டினால் திரும்பு, இதையே நிறுத்தாமல் செய் என்று கோர்த்திருக்கிறாள். பூனை வலது ஓரம் வரை போய் முட்டியது. திரும்பியது, ஆனால் தலைகீழாக. கால் மேலே, தலை கீழே, அப்படியே நடந்து இடது ஓரம் வந்து முட்டியதும் நேரானது. மறுபடி வலது ஓரம், மறுபடி தலைகீழ். ஸ்கிராட்ச் தொட்ட முக்கால்வாசிப் பிள்ளைகளுக்கும் நடப்பதுதான். பூனை திரும்பும்போது உருவம் முழுசாகச் சுழன்றுவிடுகிறது. இடம் வலமாக மட்டும் திரும்பு என்று அமைப்பை மாற்றினால் சரியாகிவிடும். பெரிய வேலையே இல்லை.

அந்த வேலையைத்தான் அங்கே சொல்லிக்கொடுக்கிற தம்பி செய்தான். பிள்ளையின் கையிலிருந்து மவுஸை வாங்கினான், ரெண்டு கிளிக், பூனை நேராகிவிட்டது, உடனே போனை எடுத்து வீடியோ. சாயங்காலம் கேம்ப் ஸ்டேட்டஸில் "முதல் நாளிலேயே அனிமேஷன்!" எல்லாப் பிள்ளைகளின் பூனையும் ஒரே நடை. குழு முழுக்க ஹார்ட்.

மகள் வீட்டுக்கு வந்து சொன்னது இவ்வளவுதான்: "எம்மா, எனக்க பூனையை அந்த அண்ணன் நேராக்கிப் போட்டாரு. அது ஏன் மறியுதுன்னு நான் பாத்துட்டு இருந்தேன்."

பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதற்குத்தானே ஐயா ஃபீஸ் கட்டியது? ஏன் மறிகிறது என்று பார்க்கிற அந்த நேரத்துக்குத்தான் கட்டினேன். நேராக நடக்கிற பூனை யூடியூபில் ஓசிக்குக் கிடைக்கும். ஸ்கிராட்சுக்கெல்லாம் தாத்தா முறை லோகோ, பிள்ளைகளுக்கான கம்ப்யூட்டர் மொழி, 1967-இல் வந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான சீமோர் பேப்பர்ட் ஆயுள் முழுக்கச் சொன்னதே, பிள்ளை தன் பிழையைத் தானே துருவிப் பார்ப்பதுதான் படிப்பு என்று. நான் புதுசாக எதையும் கேட்கவில்லை. மவுஸ் பிள்ளையின் கையில் இருக்கட்டும் என்கிறேன்.

இருபது பிள்ளைகளுக்கு ஒரு ஆள், ஒவ்வொருத்தருக்கும் காத்திருக்க முடியுமா என்று கேட்கிறார்கள். நியாயம். "ஏன் மறியுது மக்களே, பாரு" என்று கேட்டுவிட்டு அடுத்த பிள்ளையிடம் போகலாமே? மவுஸை வாங்குவதைவிட அதற்கு நேரம் குறைவு.

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபமும் இல்லை. இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிற பையன். சாயங்காலத்துக்குள் வீடியோ போகாவிட்டால் அவனுக்குத்தான் திட்டு விழும். வீடியோ கேட்கிறவர்கள் யார்? நாம்தான். 2020-இல் புதிய கல்விக் கொள்கை ஆறாம் வகுப்பிலிருந்து கோடிங் என்றது. அதே வருஷம் சின்னப் பிள்ளைக்குக் கோடி ரூபாய் வேலை என்கிற ரேஞ்சில் ஊரெல்லாம் விளம்பரம். விளம்பரத் தரக் கவுன்சில் சொல்லித்தான் சிலதை வாபஸ் வாங்கினார்கள். விளம்பரம் போனது, நமக்குப் பிடித்த சூடு இறங்கவில்லை. பலாச்சக்கை சீசனில் அம்மச்சி வீட்டில் மரத்தடியில் கிடக்க வேண்டிய பிள்ளையைக் கேம்பில் கொண்டு விடுகிறோம், சாயங்காலமே ரிசல்ட் வேண்டும். சவம், என்ன அவசரம்?

"டெக்னோபார்க் போக வேண்டிய பிள்ளைகள், இப்படி விளையாட விட்டால் எப்படி" என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தார். திருவனந்தபுரத்து ஐ.டி. பார்க்கைத்தான் சொல்கிறார். அண்ணா, என் சித்தப்பா மகள் குழித்துறையில் ரயில் ஏறி அங்கேதான் வேலைக்குப் போகிறாள். "நேத்து வரைக்கும் ஓடினது இன்னைக்கு ஏன் ஓடலைன்னு பாக்கிறதுதான் அக்கா பாதி வேலை" என்பாள். அங்கே யாரும் வந்து அவள் மவுஸை வாங்கி நேராக்கித் தருவதில்லை.

அடுத்தது என் கொழுந்தனார். குடும்ப குழுவிலேயே கேட்டார்: "கோடிங் பத்தி இவளுக்கு என்ன தெரியும்?" சிரிக்கிற பொம்மை ஒன்று வேறு. அதற்குக் கீழே வரிசையாக இன்னும் நாலு பொம்மை.

தெரியும். தொண்ணூறுகளின் கடைசியில் தக்கலையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், ஏசி ரூம், ஒரு மெஷினுக்கு மூன்று பேர். கீபோர்டுக்கு நேரே எப்போதும் பையன்கள். பெண்பிள்ளைகள் ஓரத்தில் ஸ்டூல் போட்டு எட்டிப்பார்ப்போம். நோட்டில் சி புரோகிராம் எழுதி சாரிடம் காட்டி, அவர் டிக் போட்டால்தான் மெஷின். என் முறை வந்து, டைப் அடித்து, எரர் வரும். செமிகோலனை எந்த வரியில் விட்டேன் என்று நான் தேடிக்கொண்டிருக்கும்போதே தோளுக்கு மேலே சாரின் கை நீளும். டக் டக். ஓடிவிட்டது, எழுந்திரு, அடுத்த ஆள். பையன்களுக்கு மட்டும், "டேய், நீயே பாரு." டிப்ளமோ சர்டிபிகேட் இன்றைக்கும் பீரோவில் இருக்கிறது, ஃபர்ஸ்ட் கிளாஸ். ஒரு பிழையைக்கூட நானாகக் கண்டுபிடிக்க விடாமல் கொடுத்த ஃபர்ஸ்ட் கிளாஸ்.

இதைச் சொன்னால், எல்லாவற்றிலும் ஆண், பெண் என்று இழுக்கிறேனாம். இழுக்கத்தான் செய்வேன். 2011 சென்செஸில் நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம் என்று மேடைக்கு மேடை பெருமை பேசுகிறோமே, அந்தப் படித்த பெண்களில் எத்தனை பேருக்கு வீட்டில் லேப்டாப்பைத் திறந்ததும் "கொடு, நான் பார்க்கிறேன்" என்று ஒரு கை நீளாமல் இருக்கிறது? ஆன்லைனில் கரண்ட் பில் கட்ட உட்கார்ந்தாலும் அந்தக் கை வரும். உதவிதான். எல்லாம் உதவிதான். எனக்கு நாற்பது தாண்டிவிட்டது, பழகிப்போச்சு. ஒன்பது வயதுக்காரி இப்போதே எதற்குப் பழக வேண்டும்?

ஃபீஸைத் திருப்பித் தருகிறோம், பிள்ளையை வேறெங்காவது சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நேற்று ராத்திரி கேம்ப் நடத்துகிறவர் பெருந்தன்மை காட்டியிருக்கிறார். ரொம்ப நன்றி, வேண்டாம். அவளுக்கு அந்த இடம் பிடித்திருக்கிறது, கூட்டாளியும் கிடைத்துவிட்டாள். திங்கட்கிழமை வருவாள். யாராவது மவுஸைக் கேட்டால் "வாயால சொல்லுங்க அண்ணா, நான் செய்றேன்" என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன். கொழுந்தனாருக்கும் சேர்த்துத்தான் சொல்லிக்கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறார், வீட்டில் கம்ப்யூட்டர் திறந்துதான் இருக்கும்.