மரத்துக்குக் கிடைக்கிற ஓய்வு

தை பிறந்து கொஞ்ச நாளில் கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்கள் மொட்டையாக நிற்கும். நடந்தால் காலடியில் சருகு சரசரக்கும்.

அப்பா பால்வெட்டுத் தொழிலாளி, ரப்பர் மரப்பட்டையைக் கீறிப் பால் எடுப்பவர். மற்ற மாதங்களில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டோடு போய்விடுவார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். ஆனால் மரம் இலை உதிர்த்துத் தளிர் விடுகிற நாட்களில் வெட்டை நிறுத்திவிடுவார்கள். சேர்த்து வைத்த சத்தையெல்லாம் தளிருக்குக் கொடுக்கிற நேரத்தில் பாலையும் எடுத்தால் மரம் தளர்ந்துபோகும். இது தோட்டத்தில் வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். வெட்டு இல்லாவிட்டால் கூலியும் இல்லை. அதனால் அப்பா அந்த நாட்களில் மண் சுமக்கவோ விறகு வெட்டவோ போனார். மரம்தான் ஓய்ந்திருந்தது.

அம்மாவுக்கு அதுகூட இல்லை. டிசம்பர் வந்தால் வீடு தேய்த்துக் கழுவ வேண்டும், கிறிஸ்துமஸ் குடில் கட்ட வேண்டும், முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுக்க வேண்டும், அச்சுமுறுக்கு சுட வேண்டும். கேரல் குழு எந்த ராத்திரியில் வந்தாலும் சாயா போட வேண்டும். பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வும் அப்போதுதான். பக்கத்து வீட்டு அக்காவுக்கு மார்கழிக் கோலமும் விடியற்காலைக் குளியலும். கோவிலோ சர்ச்சோ, அடுப்படியில் நிற்பவர் ஒருவர்தான். போன வருடம் கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்பு அம்மா அடுப்பின் பக்கத்திலேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். இருமலும் காய்ச்சலுமாக ஒரு வாரம் நடந்திருக்கிறார், எங்கள் யாருக்கும் தெரியாது. அந்தக் குற்றவுணர்வு எனக்கு இன்னும் போகவில்லை.

குளிர்காலத்தில் உடம்புக்கும் ஓய்வு வேண்டும் என்று சொன்னால், "நம்ம ஊர்ல ஏது குளிர்காலம்?" என்று கேட்பார்கள். சரி, இங்கே பனி கொட்டுவதில்லை. தங்கை இங்கிலாந்தில் நர்ஸ். அங்கே டிசம்பரில் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை, நாலு மணிக்கே இருட்டு. அந்த இருட்டில் மனம் சோர்ந்துபோவதற்கு 1984-லேயே மருத்துவத்தில் ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். நம்முடையது அந்த அளவுக்கு இல்லை. நம் நெடும்பகலுக்கும் குறும்பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒரு மணி நேரம்தான். ஆனாலும் மே மாதக் கடைசியில் ஆறு மணி வாக்கில் உதிக்கிற சூரியன் ஜனவரியில் ஆறரைக்கு மேல்தான் வருகிறது. உடம்பின் கடிகாரம் காலை வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். ஸ்கூல் வேனோ அதே நேரத்துக்கு வருகிறது, அடுப்பும் அதே நாலரைக்குப் பற்றுகிறது. வளர்ந்தவர்களுக்கு ஏழு மணி நேரத் தூக்கமாவது வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். அம்மா தூங்குவது ஐந்து மணி நேரம்.

ஓய்வு என்பது தனியாக ஒருவர் எடுத்துக்கொள்கிற விஷயம் இல்லை என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். "அம்மா, நீங்க போய்ப் படுங்க" என்று வாயால் சொல்வதில் ஒரு பயனும் இல்லை. பாத்திரம் கழுவாமல் கிடந்தால் அவர் எப்படிப் படுப்பார்? வேலையைக் குறைக்க வேண்டும், மிச்சத்தைப் பங்கு போட வேண்டும். அதனால் இந்த வருடம் முந்திரிக்கொத்து ஒரு கிலோ பயறில் மட்டும், உருட்டுவது நானும் தம்பியும். அச்சுமுறுக்கு கடையில்தான். ராத்திரி ஒன்பதரைக்கு வீட்டில் விளக்கு அணைகிறது, டிவியும் சேர்த்து.

போன ஞாயிறு மத்தியானம் மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கை அவித்து, காந்தாரி மிளகாய் அரைத்தோம், அவ்வளவுதான் சமையல். ரெண்டு மணிக்குப் படுத்த அம்மா நாலரைக்குத்தான் எழுந்தார். "ஏன் மக்ளே எழுப்பல?" என்று பதறிக்கொண்டு அடுப்படிக்கு வந்தார். தம்பி கட்டன் சாயா போட்டுக்கொண்டிருந்தான்.