பழைய பயிற்சிப் பாடங்களைக் காணொளியாக்கிக் கைகழுவ வேண்டாம்

2020 டிசம்பர் 31 அன்று அடோபி நிறுவனம், உலாவியில் அசைபடங்களையும் பயிற்சிப் பாடங்களையும் இயக்கிவந்த ஃபிளாஷ் பிளேயர் என்ற மென்பொருளுக்கான ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் அந்த மென்பொருளே ஃபிளாஷ் கோப்புகளை இயக்க மறுத்தது. 2017 ஜூலையிலேயே இதற்கான அறிவிப்பு வந்துவிட்டபோதிலும், வேளாண்மைக் களப்பணியாளர்களுக்கும் உரக்கடைக்காரர்களுக்கும் கூட்டுறவுச் சங்க ஊழியர்களுக்கும் தமிழில் உருவாக்கப்பட்ட பயிற்சிப் பாடங்களில் நான் அறிந்த பலவும் அன்று முடங்கியவைதான், இன்னும் எழவில்லை. கும்பகோணத்தில் இத்தகைய பாடங்களைப் புதிய இணைய வடிவுக்கு மாற்றும் வேலையைச் செய்துவருகிறேன். மாற்றித் தரச் சொல்லி வருகிறவர்களில் பெரும்பாலோர், திரையில் ஓடுவதை அப்படியே பதிவுசெய்து காணொளியாகக் கொடுத்துவிட்டால் போதும் என்கிறார்கள். செலவைப் பார்த்துக் கேட்கிறார்கள் என்பது புரிகிறது. ஆனால் அது பாடத்தை மாற்றுவதாகாது, பாடத்தின் பாதியை எறிந்துவிடுவதாகும் என்பதே என் உறுதியான கருத்து.

நெல்லுக்கு இலை வண்ண அட்டையைப் பயன்படுத்தும் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். காலை நேரத்தில் பத்துப் பயிர்களில் நன்கு விரிந்த இளம் இலையை அட்டையின் எண்ணிட்ட பச்சை நிறங்களோடு ஒப்பிட்டு, ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட இலைகள் வரையறுத்த எண்ணைவிட வெளிறியிருந்தால் மட்டுமே தழைச்சத்து (நைட்ரஜன்) உரம் இட வேண்டும். அந்த எண் வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4. என்னிடம் வந்த ஒரு பழைய பாடத்தில் கற்பவரே ஒவ்வோர் இலையையும் இழுத்து அட்டையின் மேல் வைத்து, எண்ணைக் குறித்து, உரம் இடலாமா கூடாதா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. தவறாக முடிவெடுத்தால் ஏன் தவறு என்றும் அது சொல்லியது. இதைக் காணொளியாக்கினால் யாரோ ஒருவருடைய கை இழுப்பதைக் கற்பவர் வேடிக்கை பார்ப்பார். அதைவிடக் கேடு, காணொளிக் கோப்பின் அளவைச் சுருக்கும்போது அடுத்தடுத்த இரண்டு பச்சை நிறங்களுக்கிடையே உள்ள நுண்ணிய வேறுபாடு மங்கிப்போகும். ஆகவே அந்தப் பயிற்சியை இன்றைய உலாவிகள் நேரடியாக இயக்கும் எச்டிஎம்எல்5 வடிவில், கைப்பேசித் திரையில் விரலால் இழுக்கும்படி, புதிதாகவே எழுத வேண்டும். கைப்பேசிக்குக் கைப்பேசி நிறம் மாறும் என்பதால், வயலில் ஒப்பிட அச்சடித்த அட்டையையே பயன்படுத்த வேண்டும் என்ற குறிப்பையும் சேர்க்க வேண்டும்.

பழைய பாடங்களின் எழுத்தும் தனிக் கவனம் கேட்கும். ஒருங்குறி (யூனிகோடு) பரவுவதற்கு முன்பு பாமினி, டாம், டாப், திஸ்கி என்று ஆளுக்கொரு குறியாக்கத்தில் தட்டச்சு செய்தார்கள். ஃபிளாஷ் கோப்பைப் பிரித்து எழுத்தை வெளியே எடுத்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பைதான் கிடைக்கும். அவற்றில் பல, கொம்பை எழுத்துக்கு முன்னால் சேமித்தவை. ஒருங்குறியிலோ கொம்பு மெய்யெழுத்துக்குப் பின்னால்தான் வரும். மாற்றிக் கருவி இந்த இடத்தில் ஒருமுறை பிசகினால் பாடம் முழுவதும் பிசகும், எனவே தமிழ் தெரிந்த ஒருவர் வரிவரியாக மெய்ப்புப் பார்த்தே ஆக வேண்டும். உழைப்பு அதிகம்தான், ஆனாலும் எழுத்து எழுத்தாகவே இருந்தால்தான் பார்வை மங்கிய பெரியவர் அதைப் பெரிதாக்கிப் படிக்க முடியும், பார்வையற்றவருக்குத் திரைவாசிப்பான் படித்துக்காட்டும், ‘புகையான்’ என்று நெற்பூச்சியின் பெயரைத் தேடுபவருக்கு அந்தப் பக்கம் அகப்படும்.

வடிவத்தை மட்டும் மாற்றி உள்ளடக்கத்தைத் தொடாமல் விடுவது எனக்கு எல்லாவற்றையும்விட அச்சம் தருகிறது. யூரியா மூட்டை 2018 வரை 50 கிலோ, அதன் பிறகு 45 கிலோ. யூரியாவில் தழைச்சத்து 46 விழுக்காடு என்பதால், பழைய மூட்டையில் 23 கிலோ தழைச்சத்து இருந்தது, இன்றைய மூட்டையில் 20.7 கிலோதான் இருக்கிறது. ‘ஏக்கருக்கு இத்தனை மூட்டை’ என்று கணக்குப் போடச் சொல்லும் பழைய பயிற்சியை அப்படியே புது வடிவில் ஏற்றினால், குறுவைக்கு உரம் வாங்க வரும் விவசாயியிடம் சங்க ஊழியர் தவறான கணக்கைத்தான் சொல்வார். பூச்சிமருந்து விஷயம் இதைவிடக் கடுமையானது: எண்டோசல்பானுக்கு உச்ச நீதிமன்றம் 2011 மே மாதத்தில் தடை விதித்தது, அதற்கு முன் தயாரான பாடங்களில் அதன் பெயர் பரிந்துரைப் பட்டியலில் இருக்கக்கூடும். பளபளப்பான புதிய திரையில் வருவதை மக்கள் புதிய செய்தியாகவே நம்புவார்கள் என்பதால், ஒவ்வொரு பாடத்தையும் பயிர் தெரிந்த ஒருவர் வாசித்துத் திருத்தாமல் வெளியிடவே கூடாது.

கற்றவரின் மதிப்பெண்ணைப் பதிந்துவைக்கும் முறையையும் இதே சமயத்தில் பார்த்துவிடலாம். பாடத்திலிருந்து மதிப்பெண்ணைப் பயிற்சித் தளத்துக்கு அனுப்ப 2001-இல் வந்த ஸ்கார்ம் 1.2 என்ற முறை, கற்பவர் இணைய இணைப்போடு உலாவியில் அமர்ந்திருப்பார் என்று எண்ணி அமைக்கப்பட்டது. வேதாரண்யம் பக்கமோ கொள்ளிடக்கரையிலோ, சிக்னல் வந்து வந்து போகும் இடத்தில் படிப்பவருக்கு அது ஒத்துவராது. கைப்பேசியிலேயே பதிவைச் சேமித்துவைத்து, இணைப்பு கிடைத்த பிறகு அனுப்பும்படி அமைக்க, அதற்குப் பின் வந்த எக்ஸ்ஏபிஐ என்ற முறை இடம் தருகிறது என்பதால், எங்கள் பகுதிக்கு அதையே நான் பரிந்துரைக்கிறேன்.

பழைய ஃபிளாஷ் கோப்பை உலாவியிலேயே ஓட்டும் ரஃபிள் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பழைய பாடத்தில் என்னதான் இருந்தது என்று திறந்து பார்க்க அது அருமையான துணை. ஆனால் எழுத்துப் பிழையும் மூட்டைக் கணக்கும் அதனால் மாறப்போவதில்லை, ஆகவே அதை மாற்றுவேலைக்கு ஈடாகக் கொள்ள வேண்டாம்.

மாற்றும் பொறுப்பில் இருக்கும் அலுவலகங்களுக்கு ஒரு வேண்டுகோள். புதிய பாடத்துக்கு ஒப்பந்தம் போடும்போது மூலக் கோப்புகள், ஒலிப்பதிவுகள், ஒருங்குறியில் தட்டச்சிட்ட முழு உரை ஆகியவற்றையும் ஒப்படைக்க வேண்டும் என்று எழுத்தில் சேருங்கள். இப்போது பீரோக்களில் கிடக்கும் பழைய குறுந்தகடுகளை, மாற்றுவதற்கு நிதி வரும்வரை காத்திருக்காமல், இந்த மாதமே வன்தட்டில் நகலெடுத்துவிடுங்கள்.