துபாய்க்குக் குடும்பத்தைக் கூட்டிவரும் முன் வருஷக் கணக்கு போடுங்கள்

"பத்தாயிரம் திர்ஹாம் சம்பளம். மனைவி, இரண்டு பிள்ளைகளோடு துபாயில் சமாளிக்க முடியுமா?" ஊரிலிருந்து எனக்கு அடிக்கடி வருகிற கேள்வி இது. கூடவே அரிசி என்ன விலை, தக்காளி என்ன விலை, பால் என்ன விலை என்றும் கேட்பார்கள். மளிகைக்குப் பயந்து யாரும் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம். இட்லி அரிசியிலிருந்து முருங்கைக்காய் வரை எல்லாம் இங்கே கிடைக்கிறது. வீட்டில் சமைத்துச் சாப்பிடுகிற குடும்பத்துக்கு அந்தச் செலவு கைக்குள் அடங்கும். இங்கே குடும்பங்களைத் திணறடிப்பது வேறு.

சம்பளம் மாதா மாதம் வருகிறது. பெரிய செலவுகள் அப்படி வருவதில்லை. வாடகை செக்காகப் போகிறது, பள்ளிக் கட்டணம் டெர்முக்கு ஒருமுறை போகிறது, விசாவும் இன்சூரன்ஸும் மொத்தமாகக் கேட்கின்றன, ஊருக்குப் போகும் டிக்கெட் சரியாகக் கோடை விடுமுறையில் எகிறுகிறது. மாத பட்ஜெட்டை மட்டும் நம்பி வருகிற குடும்பம், காகிதத்தில் மிச்சம் இருந்தும் முதல் வருஷத்திலேயே கிரெடிட் கார்டில் மாட்டிக்கொள்கிறது. தெரிந்த வீடுகளிலேயே இதைப் பார்த்துவிட்டேன். அந்த ஆதங்கத்தில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வாடகையை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் அட்வான்ஸைக் கொடுத்துவிட்டால் அப்புறம் மாத வாடகைதான். துபாயில் வருஷ வாடகையைப் பேசி, அதை எத்தனை செக்கில் கொடுப்பது என்றும் பேச வேண்டும். ஒன்று, இரண்டு, நான்கு, ஆறு. சில இடங்களில் பன்னிரண்டுக்கும் ஒத்துக்கொள்கிறார்கள். செக் எண்ணிக்கை குறைந்தால் வாடகையிலும் கொஞ்சம் குறைத்துக் கேட்கலாம். வருஷம் 60,000 திர்ஹாம் வாடகையில் ஒரு படுக்கையறை வீடு, நான்கு செக் என்று வைத்துக்கொள்வோம். சாவி வாங்கும் நாளில் முதல் செக் 15,000. வீட்டுக்காரருக்கு டெபாசிட் 5 சதவீதம், அது 3,000. ஏஜென்ட் கமிஷன் வழக்கமாக 5 சதவீதம், அது இன்னொரு 3,000, அதற்கு மேல் வாட் வரி. கரண்ட், தண்ணீர் இணைப்புக்கு தேவாவில் (DEWA, துபாயின் மின்சார, தண்ணீர் வாரியம்) டெபாசிட் 2,000. வாடகை ஒப்பந்தத்தை இஜாரி என்கிற அரசுப் பதிவில் பதிகிற செலவு தனி. ஆக, வீட்டுக்குள் ஒரு பாயை விரிக்கும் முன்பே 23,000 திர்ஹாமுக்கு மேல் போய்விடுகிறது. பத்தாயிரம் சம்பளக்காரருக்கு அது இரண்டு மாதச் சம்பளத்தையும் தாண்டிய தொகை. கட்டில், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் அதற்கு அப்புறம்.

மீதி மூன்று செக்குகளும் அடுத்தடுத்த தேதி போட்டு அன்றைக்கே வீட்டுக்காரர் கைக்குப் போய்விடும். எங்கள் முதல் வீட்டுக்கு என் கணவர் ஏஜென்ட் ஆபீசில் உட்கார்ந்து கையெழுத்துப் போடப் போட, ஒவ்வொரு செக்கையும் நான் போனில் படம் எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் அந்தத் தேதிகளைச் சமையலறைக் காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போட்டேன். இன்றைக்கும் புதுக் காலண்டர் வந்தால் முதல் வேலை அதுதான். பணம் இல்லாமல் செக் திரும்பினால் முன்பு போலப் பொதுவாக கிரிமினல் வழக்கு வராது, 2022 ஜனவரியில் சட்டம் மாறிவிட்டது என்பது உண்மை. ஆனால் திரும்பிய செக்கை வைத்தே நேராக நீதிமன்றம் வழியாக வசூலிக்க வீட்டுக்காரருக்கு வழி இருக்கிறது. இதில் அலட்சியம் கூடாது.

தேவா பில்லும் புதிதாக வருகிறவர்களைப் பதறவைக்கும். அதில் கரண்ட், தண்ணீரோடு வருஷ வாடகையில் 5 சதவீதம் நகராட்சியின் வீட்டுக் கட்டணமாகப் பன்னிரண்டு மாதத்துக்குப் பிரிந்து சேரும். 60,000 வாடகைக்கு மாதம் 250 திர்ஹாம். ஏசியை அணைத்து வைத்தாலும் அது குறையாது. சில கட்டடங்களில் ஏசி குளிரூட்டலுக்கு வேறு நிறுவனத்திடமிருந்து தனி பில் வரும். அதில் ஒரு பகுதி நிலையான கட்டணம், லீவுக்கு ஊருக்குப் போயிருந்தாலும் கட்டியாக வேண்டும். வீடு பார்க்கும்போது "சில்லர் ஃப்ரீயா?", அதாவது இந்தக் குளிரூட்டல் பில் நமக்கு வராதா என்று முதலிலேயே கேளுங்கள்.

வாடகை குறைவு என்று பலர் பக்கத்திலிருக்கும் ஷார்ஜாவுக்குப் போகிறார்கள். போகலாம், ஆனால் துபாயில் வேலை என்றால் சாலையையும் கணக்கில் சேருங்கள். சாலிக் என்கிற துபாய் சாலை டோல் 2025 ஜனவரி கடைசியிலிருந்து நெரிசல் நேரத்தில் ஒரு தடவைக்கு 6 திர்ஹாம். காலையும் மாலையும் ஷார்ஜா வழியில் உள்ள அல் மம்சார் டோல் கேட் வழியாகப் போய்வந்தால் நாளுக்கு 12, அதோடு பெட்ரோல். அப்பா வீடு வந்து சேரும்போது பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். பிள்ளைகளோடு இருக்கத்தானே குடும்பத்தையே கூட்டிவருகிறோம்?

பள்ளிக் கட்டணத்தைப் பள்ளியின் பெயர் தெரியாமல் யாரும் சொல்ல முடியாது. சிபிஎஸ்இ பள்ளிகளுக்குள்ளேயே ஒன்றுக்கு ஒன்று பல மடங்கு வித்தியாசம். பஸ் கட்டணம், சீருடை, புத்தகம் எல்லாம் தனி. மனைவி, பிள்ளைகளின் இன்சூரன்ஸும் துபாயில் கட்டாயம். கம்பெனி தராவிட்டால் ஸ்பான்சர் செய்கிற நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

இனி, யாரும் எழுதாத ஒரு வரி. மனைவி ஊரில் வாங்கிய சம்பளம். நான் ஊரில் பள்ளி ஆசிரியை. வந்த புதிதில் எங்கள் வீட்டுக் கணக்கில் கணவரின் சம்பள உயர்வு மட்டும்தான் இருந்தது, என் வருமானம் நின்றதை நான்தான் எழுதிச் சேர்த்தேன். கணவர் விசாவில் வருகிற பெண் இங்கே வேலைக்குப் போகத் தடை இல்லை, வேலை தரும் நிறுவனம் பர்மிட் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு நம் பட்டங்களை ஊரிலேயே அட்டெஸ்ட் செய்து கொண்டுவர வேண்டும். விசாவுக்காகக் கல்யாணச் சான்றிதழை அட்டெஸ்ட் செய்ய அலைகிற அதே சமயத்தில் இதையும் முடித்துவிடுங்கள். "அவள் சும்மாதானே இருக்கப் போகிறாள்" என்று அவள் சான்றிதழ்களை மட்டும் பீரோவில் விட்டுவராதீர்கள்.

அப்புறம், திர்ஹாமை ரூபாயில் பெருக்கிப் பார்ப்பது. கணவர் மட்டும் பெட் ஸ்பேஸில், அதாவது பலரோடு பகிர்ந்த அறையில் ஒரு கட்டிலில், இருந்துகொண்டு ஊருக்குப் பணம் அனுப்பும்வரை அது சரி. குடும்பம் வந்தபின் சம்பாதிப்பதும் திர்ஹாம், செலவும் திர்ஹாம். மாதம் இரண்டு லட்சத்துக்கு மேல் என்று ஊரில் சொல்லிக்கொள்ளும் தொகை இங்கே பத்தாயிரமாகத்தான் இருக்கும்.

இதையெல்லாம் வைத்து வர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குடும்பம் ஒன்றாக இருப்பதற்காகக் கொஞ்சம் குறைவாகச் சேமித்தால் பரவாயில்லை என்பதுதான் என் எண்ணம். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து பன்னிரண்டு மாதத்தையும் எழுதிப் பாருங்கள் என்கிறேன். ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள்: வாடகையை முன்பணமாகத் தந்து மாதா மாதம் பிடித்துக்கொள்வார்களா? டிக்கெட்டும் இன்சூரன்ஸும் குடும்பத்துக்கும் உண்டா? அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? வேலையை விடும்போது வருகிற கிராஜுவிட்டி அந்த அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான்.

முடிந்தால் கணவர் முன்னால் வந்து பிப்ரவரியில் வீடு எடுக்கட்டும். இந்தியப் பள்ளிகள் ஏப்ரலில் திறக்கும், குடும்பம் மார்ச் கடைசியில் வந்தால் போதும். ஏப்ரலில் வீடு எடுத்தால் நான்கு செக்கும் ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி என்று விழும். பல பள்ளிகளில் டெர்ம் கட்டணம் ஏப்ரல், செப்டம்பர், ஜனவரி. ஊர் டிக்கெட் ஜூலை. மூன்று செக்குகள் மற்ற பெரிய செலவுகளோடு நேராக மோதும். பிப்ரவரியில் எடுத்தால் செக்குகள் பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என்று விலகிப் போகும். இரண்டு மாத வாடகை வீணாகிறதே என்று தோன்றும். அந்த இரண்டு மாதத்தில் கட்டிலும் ஃப்ரிட்ஜும் நிதானமாக, செகண்ட் ஹேண்டில் தேடி வாங்கிவிடலாம்.