விக்கெட் விழுந்தா பிட்ச், ரன் வந்தா திறமையா?

நேத்து ராத்திரி என் போஸ்ட்டுக்குக் கீழ நடந்த கூத்த பாத்திருப்பீங்க. பாக்காதவங்க தேட வேண்டாம், பாதிய அழிச்சிட்டேன். அந்த ஸ்பின்னர் ஏழு விக்கெட் எடுத்தத பத்தி சந்தோஷமா நாலு வரி எழுதினேன், அவ்ளோதான். பத்து வருஷமா என் லிஸ்ட்ல இருக்கற ஒருத்தர் வந்து "அந்த பிட்ச்ல நான் போட்டாலே நாலு விக்கெட் விழும்"னு போட்டுட்டுப் போறார், அதுக்கு வரிசையா சிரிப்பு ஸ்மைலி. சிரிச்சவங்கள்ல பாதிப் பேர், தார் ரோடு மாதிரி ஒரு பிட்ச்ல ஒருத்தன் டபுள் செஞ்சுரி அடிச்சப்போ என்ன கிளாஸ், என்ன பொறுமைன்னு உருகினவங்கதான். அன்னைக்கு பிட்ச் எங்க போச்சு? லீவுல இருந்துச்சா?

சரி, கோபப்படாம பேசுவோம். 1956, ஓல்டு டிராஃபோர்டு. இங்கிலாந்து ஸ்பின்னர் ஜிம் லேக்கர் ஆஸ்திரேலியாவுக்கு எதிரா ஒரே டெஸ்ட்ல 19 விக்கெட். பிட்ச் திரும்புச்சா? நல்லாவே திரும்புச்சு, அன்னைக்கே அத பத்தி சண்டை. ஆனா எதிர் முனையில போட்டவர் டோனி லாக், அவரும் லேசுப்பட்ட ஸ்பின்னர் இல்ல. ரெண்டு இன்னிங்ஸும் சேத்து 69 ஓவர் போட்டாரு, விக்கெட் ஒன்னு. ஒன்னே ஒன்னு. பிட்ச்தான் விக்கெட் எடுத்துக் குடுக்கும்னா லாக் மேல மட்டும் அதுக்கு என்ன கோபம்?

2021 மும்பை வான்கடேல நியூசிலாந்து ஸ்பின்னர் அஜாஸ் படேல் இந்தியாவுக்கு எதிரா ஒரே இன்னிங்ஸ்ல பத்தும் எடுத்தாரே, அந்த இன்னிங்ஸ்ல நியூசிலாந்தோட மத்த பவுலர்ஸ் எல்லாரும் பூஜ்யம். அதே இன்னிங்ஸ்ல மயங்க் அகர்வால் 150. அந்த 150ஐ பிட்ச் அடிச்சுச்சுன்னு யாராச்சும் சொன்னீங்களா?

பந்து திரும்பினா வேலை முடிஞ்சுதுன்னு நினைக்கறவங்க ஒரு நாள் போட்டுப் பாருங்க. ரொம்பத் திரும்பற பிட்ச்ல பந்து பேட்டோட எட்ஜையும் தாண்டி கீப்பர்கிட்ட போயிடும், எல்லாரும் "ஊஊ"ம்பாங்க, ஸ்கோர்புக்குல ஒரு டாட் பால் ஏறும். கொஞ்சம் ஷார்ட்டா விழுந்தா பேட்ஸ்மேன் பின்னங்கால்ல போய், திரும்பற வரைக்கும் காத்திருந்து தட்டி விட்டுடுவான். அவன் திரும்பும்னு நினைச்சுத்தான் ஆடுவான், அதனாலதான் திரும்பற பிட்ச்ல திரும்பாத பந்து அவ்வளவு ஆபத்து. அகமதாபாத் 2021ல இங்கிலாந்துக்கு எதிரா நம்ம அக்சர் படேல் 11 விக்கெட் எடுத்தப்போ நேராப் போன பந்துலதான் நிறைய விழுந்துச்சு.

"அதே மேட்ச்ல ஜோ ரூட் 8 ரன் குடுத்து 5 விக்கெட் எடுத்தாரே, அவர் பேட்ஸ்மேன்தானே"ன்னு ஒருத்தர் இன்பாக்ஸ்ல கேட்டார். சரி, அது எனக்கு இடிக்குது, ஒத்துக்கறேன். ஒரு ரூட்ட குடுத்துட்டேன், சந்தோஷமா? இப்ப நான் நம்ம இந்திய ஸ்பின்னர் நிலேஷ் குல்கர்னிய எடுத்துக்கறேன். 1997, கொழும்பு, டெஸ்ட் வாழ்க்கையோட முதல் பந்துலயே விக்கெட். அதுக்கப்புறம் ஜெயசூர்யாவும் மஹானாமாவும் சேந்து 576 ரன் அடிச்சாங்க, இலங்கை 952. இந்த மனுஷன் 70 ஓவர், 195 ரன், விக்கெட் அதே ஒன்னு. மொத்தம் மூணே டெஸ்ட்டோட முடிஞ்சு போச்சு. ஜெயசூர்யாவோட 340 சாதனை, குல்கர்னியோட 195 குவிஸ் கேள்வி. அந்த செத்த பிட்ச் மேல யாருக்குமே கோபம் வரல பாருங்க.

ரெண்டு நாள்ல மேட்ச் முடிஞ்சா டெஸ்ட் செத்துடும்னு சொல்றவங்க, அஞ்சு நாள் போட்டும் முடியாத டிராவ உக்காந்து பாத்துட்டு அப்புறம் வாங்க.

எனக்கு ஏன் இவ்ளோ எரியுதுன்னு கேக்கலாம். நானும் ஆஃப் ஸ்பின் போட்டவன். ஒரு லீக் மேட்ச்ல 18 ஓவர் போட்டு ஆறு விக்கெட். ஆஃப் ஸ்டம்புக்கு வெளிய உள்ளங்கை அளவுக்கு ஒரு இடம் பேந்திருந்துச்சு, அன்னைக்கு முழுக்க அத தவிர வேற எதையும் நான் பாக்கல. பந்தோட தையல் அறுத்து ஆள்காட்டி விரல் தோல் கிழிஞ்சு, மறுநாள் பேனா பிடிக்க முடியல. மேட்ச் முடிஞ்சு கை குடுக்க வந்த எதிர் கேப்டன் "செம பிட்ச் ப்ரோ"ன்னான். பிட்ச்சாம். எதிர் முனையில அதே பிட்ச்ல எங்க கேப்டன் 11 ஓவர் போட்டு விக்கெட்டே எடுக்கல, அத அவனும் பேசல, நானும் பேசல. அடுத்த வாரம் வேற கிரவுண்டு, சிமெண்ட் தரை மாதிரி. 24 ஓவர், 97 ரன், விக்கெட் இல்ல. அன்னைக்கு பிட்ச்ச பத்தி ஒருத்தனும் வாயத் தொறக்கல. அதுக்கு அடுத்த வாரம் டீம் லிஸ்ட்ல என் பேர் இல்ல.

இல்ல, அத இன்னும் மனசுல வச்சிருக்கேன்னு இல்ல. சும்மா சொன்னேன்.

"நீ பவுலர், அதான் பவுலருக்குப் பேசற." ஆமா. பேட்ஸ்மேனுக்குப் பேசத்தான் ஊரே இருக்கே.

பிட்ச் முக்கியமே இல்லன்னு நான் எங்கயும் சொல்லல, சொன்னதா ஸ்கிரீன்ஷாட் போடாதீங்க. ரோலர், ஈரம், புல்லு, வெடிப்பு எல்லாம் ஆட்டத்த மாத்தும். மாத்தறது ரெண்டு பேருக்கும்தானே, கணக்க ஏன் ஒருத்தன்கிட்ட மட்டும் கேக்கறீங்க?

அந்த நாலு விக்கெட் நண்பருக்கு: ஞாயித்துக்கிழமை கிரவுண்டுக்கு வாங்க. திரும்பற பிட்ச்சா பாத்து நானே ஏற்பாடு பண்றேன், பந்தும் நானே எடுத்துட்டு வரேன். நாலெல்லாம் வேணாம், ஆறு பந்துல ரெண்ட ஒரே இடத்துல குத்துங்க போதும். வைடு கணக்குல எடுத்துக்க மாட்டேன்.