ஃபேன்டஸி ஐலண்ட்: தீவு இருக்கு, முதலாளியைக் காணோம்

அமெரிக்காவின் ஏபிசி சேனலில் 1977-ல் டிவி படமாக வந்து, 1978 முதல் 1984 வரை ஏழு சீசன் ஓடிய தொடர் ‘ஃபேன்டஸி ஐலண்ட்’. பணம் கட்டி வருபவர்களின் ஆசையை நிறைவேற்றி வைக்கும் ஒரு தீவின் கதை. 2020 காதலர் தினத்தன்று, ஹாரர் படங்களுக்குப் பேர்போன ப்ளம்ஹவுஸ் கம்பெனி அதைப் பேய்ப்படமாக்கி இறக்கியது. “ஜாலியான சீரியலை ஏன்யா ஹாரர் ஆக்கினீங்க” என்று பலர் திட்டினார்கள். என் கோபம் வேறு. அந்தக் கதையில் பயம் முதல் நாளிலிருந்தே இருக்கு. கையில் இருந்ததை எடுக்கத் தெரியாமல் வெளியே தேடியிருக்கிறார்கள்.

1977 படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தலைக்கு 50,000 டாலர் கட்டி வருகிறார்கள். ஒரு வேட்டைக்காரருக்கு, மனிதர்கள் தன்னை விரட்டி வேட்டையாட வேண்டுமாம். ஒரு பணக்காரப் பெண்மணிக்குத் தன் சாவு வீட்டில் உறவுக்காரர்கள் என்ன பேசுகிறார்கள் என்று கேட்கணுமாம். ஹாரருக்கு இதைவிட என்ன சார் வேணும்?

அப்புறம் தீவின் முதலாளி ரோர்க். ரிக்கார்டோ மோன்டல்பான் வெள்ளை சூட்டில் நின்று, விமானத்திலிருந்து இறங்கும் ஒவ்வொருவரைப் பற்றியும் பக்கத்தில் நிற்கும் உதவியாளர் டாட்டூவிடம் சொல்வார். என்ன ஆசையோடு வந்திருக்கிறார்கள், அதில் என்ன வில்லங்கம் என்பதெல்லாம் வந்தவர்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் முகத்தில் சிரிப்பு மாறாது. அவர் மனிதர்தானா என்பதைக்கூடத் தொடர் பிடிகொடுத்துச் சொல்லாது. நடிகர் ரோடி மெக்டோவல் சாத்தானாகவே வந்து பேரம் பேசினார், அதற்கும் மனிதர் அசரவில்லை.

ஜெஃப் வாட்லோ இயக்கிய 2020 படத்தில் ரோர்க் தீவிடம் மாட்டிக்கொண்ட ஆள். செத்துப்போன மனைவி அங்கே அவருடன் இருக்க வேண்டுமானால் தீவு சொல்வதைக் கேட்டாகணும். ரோர்க்காக நடித்த மைக்கேல் பென்யாவைக் குறை சொல்ல மாட்டேன், எழுதிக் கொடுத்ததே அவ்வளவுதான். போதாக்குறைக்கு, தீவின் சக்தி எங்கிருந்து வருது என்று ஒரு குகை, ஒரு ஊற்று, கருப்புத் தண்ணீர். விளக்கம் வந்ததும் பயம் போயிடுச்சு.

திரைக்கதை இதைவிட மோசம். ஆரம்பத்தில் ரோர்க் ரெண்டே விதி சொல்கிறார்: ஒருத்தருக்கு ஒரே ஆசை, தொடங்கினால் முடியும்வரை போயாகணும். நல்ல விதிகள். ஆனால் க்வென் என்ற விருந்தாளி பாதியில் “என் உண்மையான வருத்தம் வேற” என்கிறாள், உடனே ரெண்டாவது ஆசை சாங்ஷன்! விதியை மீறினால் ஏதாவது விலை கொடுக்கணும் இல்லையா? இங்கே அப்படி எதுவும் இல்லை.

(இனி ஸ்பாய்லர்.) கடைசியில், எல்லாமே மெலனி என்ற இன்னொரு விருந்தாளியின் பழிவாங்கும் ஆசைதானாம். தீ விபத்தில் இறந்த நிக்குக்காக, அதில் சம்பந்தப்பட்ட எல்லோரையும் அவள்தான் வரவழைத்தாளாம். சரி, இதை வைத்துக்கொண்டு படத்தை முதலிலிருந்து ஓட்டிப் பாருங்கள். மற்ற விருந்தாளிகள் யாரும் பார்க்காத இடத்திலும் மெலனி எதற்கு நடுங்குகிறாள்? கொல்லத்தான் கூட்டி வந்தது என்றால் க்வெனின் முதல் ஆசைப்படி அவளுக்குக் கல்யாணம், அஞ்சு வயசு மகள் என்று இவ்வளவு மெனக்கெடல் எதற்கு? ட்விஸ்ட் என்பது பார்த்து முடித்த காட்சிகளுக்குப் புது அர்த்தம் தரணும். இது பார்த்ததை எல்லாம் ரத்து செய்கிறது. அந்த மகளைப் பிரியும் வலிதான் படத்தில் ஓரளவு மனசைத் தொட்ட இடம், அதையும் சேர்த்து.

தியேட்டருக்கு வந்தது பிஜி-13 பதிப்பு, அதாவது 13 வயசுக்குக் கீழே உள்ளவர்கள் விஷயத்தில் பெற்றோரை எச்சரிக்கும் அமெரிக்க ரேட்டிங். வாயைத் தைத்துக்கொண்ட டாக்டர் கருவியை எடுத்ததும் கேமரா நாசூக்காக நகர்ந்துவிடும். ரத்தம் காட்ட முடியாதபோது மனசை வைத்துத்தான் பயமுறுத்தணும், அதற்கு அந்தப் பழைய ரோர்க் வேணும். டாட்டூ என்ற பெயர் எப்படி வந்தது என்று கடைசியில் ஒரு விளக்கம் வேறு. யாருங்க கேட்டா?

70 லட்சம் டாலரில் எடுத்து உலகம் முழுக்க 4.9 கோடி டாலர் அளவுக்கு வசூல், கூடவே மோசமான படத்துக்குக் கேலியாகக் கொடுக்கும் ராஸி விருதுக்கு நாமினேஷன். தயாரிப்பாளருக்கு நஷ்டமில்லை. அடுத்த வருஷமே ஃபாக்ஸ் சேனல் ரோர்க் குடும்பத்துப் பெண்ணைத் தலைமையில் வைத்துப் புதுத் தொடர் தொடங்கியது, இந்தப் பேய் சமாச்சாரத்தை மூட்டை கட்டிவிட்டு. ஹாரர்தான் வேணும் என்றால் 1977 படத்தில் அந்த வேட்டைக்காரர் பகுதியை மட்டுமாவது பாருங்க.